மூங்கிலுக்கு எண்ணெய் தடவியது யார்?

கல்கத்தாவில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடமாவது போய் "கே.சி. நாக்" என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ஹைகோர்ட் வக்கீலாக இருக்கட்டும், இருதய ஸ்பெஷலிஸ்டாக இருக்கட்டும், முகத்தில் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எட்டிப் பார்ப்பான். அவன் கண்ணுக்கு முன்னால் ஒரு மூங்கில் நிற்கும். மூங்கில் முழுக்க எண்ணெய். அதில் ஒரு குரங்கு ஏறுவதும் வழுக்குவதுமாக இன்னும் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும்.

கணக்கு இந்த ஜாடையில் வரும். மூங்கிலின் உயரம் 12 மீட்டர். குரங்கு முதல் நிமிஷம் 3 மீட்டர் ஏறுகிறது, அடுத்த நிமிஷம் 1 மீட்டர் சறுக்குகிறது. உச்சிக்குப் போக எவ்வளவு நேரம்? இரண்டு நிமிஷத்துக்கு 2 மீட்டர், ஆகவே 12 மீட்டருக்கு 12 நிமிஷம் என்று எழுதிவிட்டு நெஞ்சை நிமிர்த்துகிற பையனுக்குத்தான் முதல் அடி. பத்தாவது நிமிஷ முடிவில் குரங்கு 10 மீட்டரில் இருக்கிறது. பாக்கி 2 மீட்டரை அது 40 விநாடியில் ஏறிவிடும். உச்சியைத் தொட்டபிறகு எதற்காகச் சறுக்க வேண்டும்? விடை 10 நிமிஷம் 40 விநாடி. விகிதம் மட்டும் தெரிந்தவன் தோற்றான்; குரங்கின் மனசும் தெரிந்தவன் ஜெயித்தான்.

ஆனால் கேட்க வேண்டிய கேள்வியை ஒரு பையனும் கேட்கவில்லை. மூங்கிலுக்கு எண்ணெய் தடவியது யார்? வங்காளி வீட்டில் கடுகெண்ணெய் என்பது இலிஷ் மீனுக்குப் போக வேண்டிய வஸ்து. அதை எடுத்துக்கொண்டு போய் 12 மீட்டர் உயரத்துக்கு மூங்கிலில் பூசியவன், அவன் மட்டும் சறுக்காமல் உச்சிவரை எப்படிப் போனான்?

ஊர் முழுவதும் விரலை நீட்டுவது ஒரே ஆளை நோக்கி. கேசவ் சந்திர நாக், 1893 ஜூலை 10-ஆம் தேதி ஹூக்ளி மாவட்டத்துக் குடாப் கிராமத்தில் பிறந்தவர். வெளியூர்ப் பள்ளிகளில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவரை, 'வங்கப் புலி' என்று மீசைக்காகவும் குணத்துக்காகவும் பெயரெடுத்த சர் ஆசுதோஷ் முகர்ஜி கல்கத்தாவுக்கு இழுத்துவந்து பவானிபூர் மித்ரா இன்ஸ்டிட்யூஷனில் உட்காரவைத்தார். பிற்பாடு நாக் அங்கேயே ஹெட்மாஸ்டர் ஆனார். அதே பள்ளியில் வங்க மொழி வாத்தியாராக இருந்த கவிஞர் காளிதாஸ் ராய், "நீங்கள் ஏன் கணக்குப் புத்தகம் எழுதக்கூடாது?" என்று தூண்டிவிட்டாராம். கணக்கில் சிரமப்பட்ட கவிஞர்களை எனக்குத் தெரியும். சரித்திரத்தில் இத்தனை பிள்ளைகளைப் பழிவாங்கிய கவிஞர் இவர் ஒருவர்தான். 1930-களின் நடுவில் நாக்கின் 'நவ பாட்டிகணித்' வந்தது. அடுத்த பேட்டையான லேக் மார்க்கெட்டில் ஃபில்டர் காபியும் சாம்பாருமாக இருந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள்கூட அந்தக் குரங்கிடமிருந்து தப்பியிருக்க முடியாது.

நியாயமாகப் பார்த்தால் எல்லாப் பழியும் நாக் தலையில் விழக்கூடாது. அவருக்கு முன்பே ஜாதவ் சந்திர சக்ரவர்த்தியின் கணக்குப் புத்தகம் ஒரு தலைமுறையை உருட்டி எடுத்திருந்தது. அதற்கும் முன்னால் போனால் சாட்சாத் பாஸ்கராச்சாரியாரே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார். 12-ஆம் நூற்றாண்டில் எழுதிய 'லீலாவதி'யில் அவர் ஒரு தொட்டி கட்டினார். நான்கு ஊற்றுகள். தனித்தனியாகத் திறந்தால் ஒன்று ஒரு நாளில் நிரப்பும், ஒன்று அரை நாளில், ஒன்று மூன்றில் ஒரு பங்கு நாளில், ஒன்று ஆறில் ஒரு பங்கு நாளில். நான்கையும் சேர்த்துத் திறந்தால்? ஒரு நாளைக்கு 1, 2, 3, 6 தொட்டிகள், கூட்டினால் 12. ஆகவே பன்னிரண்டில் ஒரு பங்கு நாள், அதாவது இரண்டு மணி நேரம்.

இந்த லீலாவதிக்கும் கல்கத்தாவுக்கும் பழைய தொடர்பு உண்டு. அக்பரின் சபைக் கவி ஃபைஸி 1587-ல் செய்த பாரசீக மொழிபெயர்ப்பு 1827-ல் அச்சானது கல்கத்தாவில்தான். கல்கத்தாவில் நீதிபதியாக இருந்து, ஆசியாட்டிக் சொசைட்டித் தலைவராகவும் இருந்த கோல்புரூக், ஊர் திரும்பியதும் 1817-ல் லண்டனில் லீலாவதியை ஆங்கிலத்தில் போட்டார். தீர்ப்பு எழுதுகிற நேரம்போக மிச்சத்தில் சமஸ்கிருதக் கணக்குப் போட்ட மனிதர். கோர்ட்டில் வாய்தா வாங்கியவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

கவனித்தீர்களா? பாஸ்கரர் தொட்டியில் தண்ணீர் உள்ளே மட்டும்தான் வருகிறது. பெருந்தன்மையான மனுஷன். நம் பள்ளிப் புத்தகங்களுக்கு வந்து சேர்வதற்குள் எவனோ அடியில் ஒரு குழாயைத் திறந்துவிட்டான். இரண்டு குழாய் நிரப்ப, மூன்றாவது குழாய் காலி செய்ய, வீட்டுக்காரர் குழாயை மூடாமல் வாசலில் உட்கார்ந்து நம்மிடம் நேரம் கேட்டுக்கொண்டிருப்பார்.

பால்காரன் கணக்கு இதைவிட விசேஷம். 40 லிட்டர் கலவையில் பாலும் தண்ணீரும் 3:1. இதை 2:1 ஆக்க எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும்? பால் 30, தண்ணீர் 10. பால் 30-க்குத் தண்ணீர் 15 வேண்டும். ஆகவே இன்னும் 5 லிட்டர். பையன் சரியாகச் சொல்கிறான், வாத்தியார் முதுகில் தட்டுகிறார். யாரைத் தயார் செய்கிறோம் என்று ஒரு கல்வி அதிகாரியும் யோசித்ததில்லை. கலப்படத்தைக் கண்டுபிடிக்கிற கணக்கு வருஷத்துக்கு ஒன்று, கலப்படம் செய்கிற கணக்கு பக்கத்துக்கு நாலு.

இப்படிப்பட்ட புத்தகங்களைத்தான் கல்கத்தா தலையில் வைத்துக் கொண்டாடியது. காலேஜ் தெருவில் இன்றைக்கும் வாங்கலாம். நாக் தம் 93-வது வயதில், 1987-ல், மோகன் பகான் ஃபுட்பால் கிளப்பின் பரம பக்தராகவே காலமானார். ஊர் அவரை மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. இரண்டும் சேர்ந்தால்தான் வங்காளத்தில் பிரியம் என்று பெயர்.

என் வழக்கு வேறு. அவருடைய புத்தகத்துக்கு 80, 90 வருஷம் முன்பே, மூங்கிலில் இருந்த எண்ணெயைத் துடைக்கிறேன் என்று துணியும் கையுமாக ஒருவர் இதே ஊருக்கு வந்தார். ஊர் அவரைத் துரத்தி அடித்தது.

அவர் பெயர் ராம்சந்திரா. 1821-ல் பானிபட்டில் பிறந்தவர். பத்து வயது வாக்கில் தகப்பனார் போய்விட்டார். பதினோரு வயதில் கல்யாணம். வசதியான இடத்துப் பெண். பெண்ணுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தது. படிப்பு, வேலை எல்லாம் டில்லியில். டில்லி காலேஜில் விஞ்ஞானமும் கணக்கும் உருதுவில் சொல்லிக்கொடுத்தார், உருதுவிலேயே பத்திரிகைகள் நடத்தினார். சம்பளம் வாத்தியார் சம்பளம். அதில் மிச்சம் பிடித்து மனுஷர் நிலம் வாங்கவில்லை, நகை வாங்கவில்லை. கால்குலஸ் இல்லாமல் கால்குலஸ் கணக்குப் போடுவது எப்படி என்று ஒரு புத்தகம் எழுதி, சொந்தக் காசில் 1850-ல் கல்கத்தாவில் அச்சடித்தார். பெருமம், சிறுமம் பற்றிய கணக்குகளை அல்ஜீப்ராவை மட்டும் வைத்துத் தீர்க்கும் நூல்.

அப்படி என்ன செய்தார் என்று பார்க்க மைதானத்துக்கு வாருங்கள், கல்கத்தா மைதானத்துக்கே. உங்கள் கையில் 40 மீட்டர் கயிறு. அதை நாலு முளையில் கட்டி, செவ்வகமாக ஒரு இடத்தை வளைத்துப் போட வேண்டும். மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் வருவதற்குள் முடிந்தவரை பெரிதாக வளைக்க வேண்டும். ஒரு பக்கம் x என்றால் அடுத்த பக்கம் 20 − x. பரப்பு x(20 − x).

கிராஃப் தாள் வைத்திருக்கிற பையன் புள்ளி வைப்பான். x பூஜ்யமானால் பரப்பு பூஜ்யம். 5 என்றால் 75. 10 என்றால் 100. 15 என்றால் திரும்ப 75. 20 என்றால் மறுபடி பூஜ்யம். சேர்த்து வரைந்தால் கவிழ்ந்த பரவளையம். உச்சி 10-ல் நிற்கிறது. சதுரமாகக் கட்டு, 100 சதுர மீட்டர் உனக்கு, போ.

கால்குலஸ் தெரிந்த பையன் புள்ளியெல்லாம் வைக்க மாட்டான். வகைக்கெழு எடுப்பான்: 20 − 2x. மேட்டின் உச்சியில் சரிவு பூஜ்யம் என்பதால் அதைப் பூஜ்யத்துக்குச் சமன் செய்வான். x = 10. இரண்டு வரி. பையன் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வான். ஏன் பூஜ்யம் என்று கேட்டால் மட்டும் ஜன்னல் பக்கம் பார்ப்பான்.

ராம்சந்திரா செய்தது மூன்றாவது வழி. பரப்பை A என்று வைத்துக்கொள். x(20 − x) = A என்ற இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் x = 10 ± √(100 − A). இப்போது பேராசைப்பட்டு A-க்கு 101 கேட்டால் வர்க்கமூலத்துக்குள் மைனஸ் வந்து நிற்கும். அந்த மாதிரி ஒரு x இந்த மைதானத்தில் கிடையாது என்று அர்த்தம். ஆகவே A 100-ஐத் தாண்ட முடியாது; 100 ஆகும்போது x = 10. முடிந்தது. சரிவு இல்லை, எல்லை இல்லை, நியூட்டன் இல்லை, லைப்னிட்ஸ் இல்லை, அவர்களுக்குள் நடந்த குழாயடிச் சண்டையும் இல்லை. சமன்பாட்டையே கூப்பிட்டு, "உன்னால் எவ்வளவு முடியும், உண்மையைச் சொல்" என்று விசாரித்துவிட்டார். முப்படிச் சமன்பாடு வருகிற கணக்குகளுக்கும் ஒரு தந்திரம் வைத்திருந்தார்.

அவர் நினைப்பு இதுதான்: பீஜகணிதம் நம் நாட்டில் பழகிய கலை. அந்தப் பழக்கத்தின் வழியாகவே பிள்ளைகளை உயரக் கணக்குக்கு ஏற்றிவிடலாம். எதற்கு இங்கிலாந்து ஏணி?

கல்கத்தா விமர்சகர்கள் புத்தகத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அன்றைய கல்கத்தா கிழக்கிந்தியக் கம்பெனி ராஜ்யத்துக்குத் தலைநகரம். கப்பலில் எது வந்தாலும் முதலில் இறங்குவது அங்கேதான். ஆகவே கப்பலில் வராத எதையும் சந்தேகத்தோடு பார்க்கிற வழக்கம் இருந்தது. அவர்கள் மனசில் ஓடியதை நான் இப்படிக் கற்பனை செய்கிறேன்: கேம்பிரிட்ஜிலிருந்து நல்ல கால்குலஸ் வந்து இறங்கியிருக்கும்போது, டில்லியில் எவனோ ஒரு வாத்தியார் அது இல்லாமலே காரியம் நடக்கும் என்கிறானே, சுங்கம் யார் கட்டுவது? ராம்சந்திரா மனக்கோட்டை கட்டியிருந்தார், அத்தனையும் இடிந்தது. அச்சுக்கூலி போனது போனதுதான்.

(விமர்சகர்கள் முழு முட்டாள்கள் என்றும் சொல்லமாட்டேன். சைன், லாக் எல்லாம் கலந்து வந்தால் இந்த முறை கையை விரித்துவிடும். அதற்கு கால்குலஸ்தான் வேண்டும். ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு முதல் நாளே லாக் எதற்கு?)

இந்த இடத்தில் ஒரு நல்ல ஆள் வருகிறார். ஜான் எலியட் டிரிங்க்வாட்டர் பெதுன். கவர்னர் ஜெனரல் சபையின் சட்ட உறுப்பினர். 1849-ல் கல்கத்தாவில் பெண்களுக்குப் பள்ளி திறந்து, பெரிய மனிதர்கள் பலரின் தூக்கத்தைக் கெடுத்தவர். கேம்பிரிட்ஜில் கணக்குப் படித்தவரும்கூட. ராம்சந்திரா கல்கத்தாவுக்கு வந்தபோது பெதுனைப் பார்த்தார். பெதுன் பிரதிகளைக் காசு கொடுத்தே வாங்கினார். வாங்கியதோடு நிற்காமல் லண்டனில் ஒரு புரொபசருக்கு அனுப்பினார். அந்தப் புரொபசர் நம்ம மதுரைக்காரர்.

சிரிக்காதீர்கள். அகஸ்டஸ் டி மார்கன், 1806 ஜூன் 27-ல் மதுரையில் பிறந்தவர். அப்பா கம்பெனியின் மதராஸ் படையில் அதிகாரி. ஏழு மாதக் கைக்குழந்தையாக இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஜிகர்தண்டா பாக்கியம் கிட்டவில்லை. ஆனால் பள்ளியில் கணங்கள் பாடம் படித்த எந்தத் தமிழ்ப் பிள்ளையும் டி மார்கன் விதிகளிலிருந்து தப்பியதில்லை. கைக்குழந்தையிலேயே ஒரு கண் பார்வை போனவர். தம் வயதைக் கேட்டால், "x² வருஷத்தில் எனக்கு x வயது" என்று புதிர் போடுகிற ரகம். 43 × 43 = 1849; அந்த வருஷம் அவருக்கு 43. ராயல் சொசைட்டி வேண்டாம், கௌரவப் பட்டம் வேண்டாம், ஓட்டுப் போடுவதும் வேண்டாம் என்று இருந்த மனுஷர். இப்படிப்பட்டவருக்கு டில்லி வாத்தியாரின் புத்தகம் பிடிக்காமல் போனால்தான் ஆச்சரியம்.

டி மார்கன் கிழக்கிந்தியக் கம்பெனி டைரக்டர்களுக்கு எழுதினார்: இந்த ஆளைக் கவனியுங்கள். கம்பெனியும் கவனித்தது. ராம்சந்திராவுக்கு மரியாதை உடையும் 2,000 ரூபாயும் உத்தரவாயிற்று. மிளகு, அபின், அவுரி, ராஜ்யம் என்று எடுக்கவே பழகிய கம்பெனி ஒரு கணக்கு வாத்தியாருக்குக் கொடுத்தது என்று எழுதும்போது பேனா தயங்குகிறது. புத்தகத்தை லண்டனில் மறுபதிப்புப் போடவும் ஏற்பாடானது. டி மார்கனே முன்னுரை எழுதினார், நீளமாக.

நடுவில் சரித்திரம் குறுக்கிட்டது. பெதுன் 1851-ல் கல்கத்தாவிலேயே இறந்துபோனார். 1852-ல் ராம்சந்திரா கிறிஸ்தவர் ஆனார்; டில்லியே பேசியது. 1857 கலகத்தில் அதன் காரணமாகவே அவர் உயிருக்கு ஆபத்து வந்து, எப்படியோ தப்பினார். 1858-ல் கம்பெனி ராஜ்யம் பறிபோய் மகாராணி கைக்கு வந்தது. கடைசியில் 1859-ல் லண்டன் பதிப்பு வெளிவந்தபோது, 'டைரக்டர்கள் உத்தரவுப்படி' என்று முகப்புப் பக்கத்தில் போட்டிருந்தது. உத்தரவு போட்ட டைரக்டர்களுக்கு ஆள நாடு இல்லை. கம்பெனி போகிற போக்கில் செய்த உருப்படியான காரியங்களைப் பட்டியல் போட்டால், இந்தப் புத்தகத்துக்கு மேல்வரிசையில் இடம் கொடுப்பேன்.

புத்தகம் ஐரோப்பாவில் பரபரப்பாக ஓடியதா? ஓடவில்லை. கால்குலஸ் வாத்தியார்கள் அவரவர் சரிவைப் பிடித்துக்கொண்டு சௌக்கியமாக இருந்தார்கள். ராம்சந்திரா ரூர்க்கியில் கொஞ்ச காலம், டில்லியில் ஹெட்மாஸ்டராகக் கொஞ்ச காலம், பிறகு பாட்டியாலா சமஸ்தானத்தில் கல்வித்துறை என்று இருந்து, 1880-ல் காலமானார்.

கல்கத்தாவில் பெருமம், சிறுமத்துக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. பெதுன் பள்ளியிலிருந்து வளர்ந்த பெதுன் காலேஜிலும், பிறகு பிரசிடென்சியிலும் பாடம் சொன்ன சியாமதாஸ் முகோபாத்யாயர் 1909-ல் ஒரு தேற்றம் வெளியிட்டார். ஒரு ரசகுல்லாவை லேசாக அமுக்கி அதன் ஓரத்தைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள். வளைவு அக்கம்பக்கத்தைவிட அதிகமாகவோ குறைவாகவோ ஆகிற இடங்கள் அந்தக் கோட்டில் குறைந்தது நான்கு இருக்கும். எப்படி அமுக்கினாலும் நான்குக்குக் கீழே போகாது. எங்கும் உள்வாங்காத எந்த வழவழப்பான மூடிய வளைவுக்கும் இது பொருந்தும். இதுவும் பெருமம், சிறுமம் விவகாரம்தான். ஆசுதோஷ் முகர்ஜி முந்தின வருஷம் தொடங்கிய கல்கத்தா கணிதக் கழகத்தின் பத்திரிகையில் வந்தது. பிற்பாடு ஜெர்மனிக்காரர்களும் அதைக் கவனித்துப் பேசினார்கள்.

சரி, ராம்சந்திராவின் முறை செத்துப்போனதா? இல்லை. இன்றைக்கு ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கிற கோச்சிங் சென்டர் எதிலாவது நுழைந்து, இருபடிக் கோவையைக் கொண்ட சார்பின் வீச்சகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேளுங்கள். "y-க்குச் சமன் செய், x-இல் இருபடியாக மாற்று, தன்மைகாட்டி, அதாவது வர்க்கமூலத்துக்குள் இருப்பது, பூஜ்யமோ அதற்கு மேலோ என்று போடு" என்று பையன் மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். 1850-ல் கல்கத்தா தூக்கி எறிந்த அதே முறை. அதைச் சொல்லிக்கொடுக்க வருஷத்துக்கு லட்சக்கணக்கில் ஃபீஸ் வாங்குகிறார்கள். 'ஷார்ட்கட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ராம்சந்திரா பெயர் நோட்டீஸில்கூட இல்லை.

ஆகவே என் தீர்ப்பு. குரங்கைச் சறுக்கவிட்டவரைக் கல்கத்தா கொண்டாடியதில் தப்பில்லை. அந்தக் கணக்கில் ஒரு குறும்பு இருக்கிறது, அது பிள்ளையை யோசிக்கவைக்கிறது. ஆனால் எண்ணெயைத் துடைக்க வந்தவரை அச்சுக்கூலி நஷ்டத்தோடு திருப்பி அனுப்பியது அநியாயம். அவருடைய 1859 லண்டன் பதிப்பை இணையத்தில் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கே.சி. நாக் புத்தகத்துக்குத்தான் காசு கொடுக்க வேண்டும்.